கோர்வை தெரியாத தொட்டி

1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், காஞ்சிபுரம் ஏலவார்குழலி பட்டுச் சாயத் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தின் நிருவாகக் குழு, செவிலிமேட்டில் வாழும் பற்றவைப்புத் தொழிலாளி கோதண்டபாணி என்பவர் சங்கத்தின் எவர்சில்வர்த் தகட்டைத் திருடி விற்றார் என்றும், அதற்கு மாறாக மட்டமான தகட்டைச் சாயத் தொட்டியில் செருகி ஒட்டினார் என்றும் தன் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏழாம் தீர்மானமாக எழுதிற்று. கோதண்டபாணி திருடவில்லை. திருடவில்லை என்பதற்குச் சான்று கிடைத்த பின்னரும் அத்தீர்மானம் அடிக்கப்படவில்லை. இதுவே என் குறை.

அதுவரை சங்கத்தின் சாயப் பட்டறையில் செப்புத் தொட்டிகளே இருந்தன. புதிதாக வரும் சாயங்கள் அமிலம் சேர்த்துக் காய்ச்சப்படுபவை. அவற்றுள் சில செம்பு பட்டால் மங்கிப்போகின்றன. எனவே எவர்சில்வரில் ஒரு தொட்டி செய்வதென முடிவாகி, சென்னையிலிருந்து தகடு வந்து இறங்கியது. ஒட்டுவதற்குக் கோதண்டபாணியை அழைத்தனர். பாலாற்றுப் பாலத்திற்கு இப்பால் உள்ள லாரிப் பட்டறையில் பதினாறு ஆண்டுகள் கேஸ் வெல்டிங் செய்தவர். நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணோரங்கள் சுருங்கிய, அதிகம் பேசாத மனிதர். என் வீட்டுக்கு எதிர்வரிசையில் அவர் வீடு. அவர் மனைவி பெரியநாயகி, நெசவாளர் வீடுகளிலிருந்து பட்டு நூலை எடை போட்டு வாங்கி வந்து, ஊடைக்காகத் தார்க் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பவர்.

1973 டிசம்பரில் சங்கத்து முற்றத்தில் வேலை நடந்தது. சங்கத்தின் படிப்பகத்தில் நாளிதழ் பார்க்க நாள்தோறும் செல்பவனாதலால் நான் அதனைக் கண்ணால் கண்டவன். தகட்டை வளைத்து, ஓரங்களைச் சேர்த்து, அதே தகட்டிலிருந்து மெல்லிய கீற்றுகளை வெட்டி அவற்றையே கம்பியாக உருக்கி ஊற்றி ஒட்டினார் அவர். ஒட்டி முடித்த இடம் சிறுசிறு அலைகளாக எழுந்து நின்றது.

அப்போது சங்கத் தலைவர் நமச்சிவாயம் வந்தார். முப்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்து, கோர்வைப் புடவைக்குப் பெயர் பெற்றவர். புடவையின் உடலும் கரையும் தனித்தனியே நெய்யப்பட்டுச் சேரும் இடமே கோர்வை. அவ்விணைப்பு கண்ணுக்குத் தெரிந்தால் நெய்தவனுக்கு இழுக்கு. நமச்சிவாயம் குனிந்து, புடவையைச் சோதிப்பது போலவே, தொட்டியின் ஒட்டின்மீது கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார்.

“இன்னாபா இது? பூரான் ஊர்ந்து போன மாதிரி இருக்குது.”

“ஒட்டு அப்டித்தாங்க இருக்கும். உள்ள நல்லா பிடிச்சிருக்குது. ஒரு சொட்டு கசியாது,” என்றார் கோதண்டபாணி.

“கசியாது, சரி. நகம் மாட்டுதே? நாளைக்குப் பட்டு மாட்டினா இழ அறுந்து போவாதா? நம்மூர்ல கோர்வ எங்க இருக்குதுன்னு தேடிக்கினு இருக்கணும்பா. தெரிஞ்சா அது வேலயா?”

“அய்யா, ஒரு தரம் நெருப்பு காட்டினதுக்கே ரெண்டு பக்கமும் நீலம் பூத்துக்கினு இருக்குது பாருங்க. லாரித் தகடுன்னா எவ்ளோ சூடு தாங்கும்னு கண்ண மூடிக்கினு சொல்வேன். இது என் கைக்குப் புதுசு. மெட்ராசுல இதுக்குன்னே கரண்டுல ஒட்டற ராடு விக்கிதாம். கரண்டு வெல்டிங் மிசினு ஒண்ணு வாடகைக்கு எடுத்து…”

“கேஸ் இருக்குது, கை இருக்குது, மிசினு இன்னாத்துக்கு? மறுபடி காட்டு. கரைஞ்சு சமமாவட்டும். நீலத்தத் தேச்சா போயிடுது.”

சாயப் பட்டறை மேற்பார்வையாளர் அப்பாதுரை பக்கத்தில் நின்று சிரித்தார். “தலைவரு விட்டா எவர்சில்வரையே பாவு போட்டு நெஞ்சிடுவாரு. செய்ப்பா, நம்மள விடமாட்டாரு.”

இரண்டாம் முறை நெருப்புக் காட்டப்பட்டது. நகம் மாட்டிற்று. மூன்றாம் முறையும் காட்டப்பட்டது. அப்போதும் ஓரிடத்தில் மேடு இருந்தது. கோதண்டபாணி சுத்தியலால் ஒட்டு நெடுகத் தட்டித் தட்டிப் படிய வைத்து, இரும்புத் தூரிகையால் நீலம் போகத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு மெருகேற்றினார். தை பிறந்ததும் தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். சங்கத்திற்கு வருவோரையெல்லாம் நமச்சிவாயம் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, “ஒட்டு எங்க இருக்குது சொல்லு பாப்பம்?” என்று கேட்பார். எவராலும் சொல்ல முடிந்ததில்லை.

பிப்ரவரி இறுதியில் ஒட்டு தானாகவே தன்னைக் காட்டிற்று. மாம்பழ மஞ்சளில் தோய்த்த நூற்சிட்டங்களில் பழுப்புத் தீற்றல்கள் விழுந்தன. அலசினார்கள், போகவில்லை. மறுநாள் தோய்த்தவற்றிலும் விழுந்தன. தொட்டியை வடித்துப் பார்த்தபோது, ஒட்டின் இருபுறமும் ஒரு விரற்கடை தள்ளி இரண்டு துருக்கோடுகள், ஏர் உழுத சால்போல மேலிருந்து கீழ்வரை ஓடின. தகட்டின் மற்ற பரப்பு கண்ணாடியாக மின்னிற்று.

காஞ்சிபுரத்தில் எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கும் பெண்டிர் எல்லாரும் கடையில் காந்தம் கேட்டு வாங்கி வைத்துப் பார்ப்பர். இழுத்தால் போலி, இழுக்காவிட்டால் அசல். அப்பாதுரையும் பாத்திரக் கடையொன்றிலிருந்து காந்தம் வாங்கி வந்தார். ஒட்டின்மீது வைத்தார். அது ஒட்டிக்கொண்டது.

மார்ச்சு 11 மாலை கோதண்டபாணி அழைக்கப்பட்டார். குழுவினர் ஒன்பதின்மர் பாயில் அமர்ந்திருந்தனர். அவர் நின்றுகொண்டிருந்தார். சாளரத்தருகே நாளிதழோடு நான் இருந்தேன்.

“காந்தம் இழுக்குதே, இது எவர்சில்வராபா?” என்று தொடங்கினார் நமச்சிவாயம்.

“நடுவுல வெச்சுப் பாருங்கய்யா, இழுக்காது. நான் சுத்தியால தட்டின எடத்துல மட்டுந்தான் இழுக்குது. ஏன்னு எனக்கே புரியல.”

“எங்களுக்குப் புரியுது. ஒட்டற எடத்துல மட்டும் நல்ல தகட்டக் கத்தரிச்சு எடுத்துக்கினு, மட்டத்தச் சொருவிட்ட.”

“நடுவுல போயி யாராவது கீத்து கீத்தாத் திருடுவாங்களாய்யா? சொருவியிருந்தா ஒட்டு ரெண்டா இருக்காதா? நீங்களே நகம் வெச்சுப் பாத்தீங்களே!”

குழுவிலிருந்த ஒருவர், “கோர்வ தெரியாம ஒட்டத் தெரிஞ்சவன் கோர்வ தெரியாம சொருவ மாட்டானா?” என்றார். ஒன்பதின்மரும் சிரித்தனர். எந்த வேலைத்திறத்தை ஒன்றரை மாதம் ஊரார்க்குக் காட்டிப் பெருமைப்பட்டார்களோ, அத்திறமே அன்று அவருக்கு எதிர்ச்சான்றாயிற்று. நான் நாளிதழை மடித்து வைத்தேனேயன்றி வாய் திறக்கவில்லை. மூன்று முறை சூடு காட்டச் சொன்னதைக் கேட்டவன் நான். சூட்டுக்கும் துருவுக்கும் தொடர்பு உண்டென்று அன்று எனக்குத் தெரியாது. ஆயினும் கேட்டதைக் கேட்டபடி சொல்லியிருக்கலாம்.

தீர்மானம் விளம்பரப் பலகையில் ஒட்டப்பட்ட மூன்றாம் நாள் லாரிப் பட்டறை முதலாளி அவரை நிறுத்தினார். நான்காம் நாள் காலை, பெரியநாயகிக்கு நூல் கொடுக்கும் நெசவாளர் வீட்டு மணியம்மாள், கையில் தராசோடு வந்தாள். பங்குனி வெயில் எட்டு மணிக்கே வாசலைச் சுட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் நின்ற எனக்கு இருவர் பேச்சும் தெளிவாகக் கேட்டது.

“இன்னாக்கா, தராசக் கையோட தூக்கினு வந்துட்ட? நான்தானே எடுத்துக்கினு வருவேன்?”

“சுத்தின வரிக்கும் குடுத்துடும்மா. மீதியையும் குடுத்துடு.”

“நேத்துத்தானே குடுத்த! பாதித் தாருகூட ஆவல.”

“ஆவாட்டி போவட்டும். எங்க வூட்டுல பேச்சு வருதுடி. பட்டும் சரிகையும் வெளியூட்டுக்குப் போற பொருளு. நாளைக்கு ஒரு இழ கொறஞ்சாலும்…”

“பதினோரு வருசமா ஒரு இழ கொறஞ்சிருக்குதாக்கா?”

“கொறையல. நான் இல்லன்னு சொல்லல. பலகையில எழுதிப் போட்டிருக்குதே, நான் இன்னாம்மா பண்றது?”

பெரியநாயகி உள்ளே சென்று, நூலையும் தார்க் குச்சிகளையும் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். “இங்கியே நிறுத்துக்க. நாலு பேரு பாக்கட்டும்.” மணியம்மாள் நிறுத்தாள். எடை சரியாக இருந்தது. சரியாக இருந்ததை அவள் வாய்விட்டுச் சொல்லாமலே நூலை முந்தானையில் கட்டிக்கொண்டு நடந்தாள். “சரியா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போக்கா!” என்று பெரியநாயகி தெருமுனை வரை கூவினாள். அதன் பின்னர் அத்தெருவில் எவரும் அவளுக்கு நூல் கொடுக்கவில்லை. வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் அதே கூழ் என்றாயிற்று. குழாயடியில் அவள் குடம் வைத்தால், “எங்க கொடம் எவர்சில்வரு, பத்திரம்டீ,” என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரிப்பர்.

பள்ளியாசிரியனாகிய என்னிடம் படித்த ஸௌந்தரராஜன் என்பவர் சின்னக் காஞ்சிபுரத்துப் பிள்ளை; சென்னையில் உலோகச் சோதனைக் கூடமொன்றில் பணிபுரிகிறார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒட்டுமேல துரு இல்லே, பக்கத்துல ரெண்டு கோடாத்தான் இருக்குன்னு சொல்றேளே சார், அது போதும். என்னன்னு எனக்குத் தெரியறது. ஆனா நான் வாயால சொன்னா யாரும் ஒத்துக்கமாட்டா. ஒட்டையும் ரெண்டு கோட்டையும் சேர்த்து நாலு விரற்கடை அகலத்துக்கு ஒரு துண்டு வேணும். அறுத்துப் பாத்துட்டு எழுத்துலயே கொடுத்துடறேன்.”

கழித்துப் போட்ட தொட்டி சங்கத்தின் பின்கட்டில் வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டு தருமாறு முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். ஒரு வரியில் மறுப்பு வந்தது. அவ்வொரு வரியில் இரண்டு ஒற்றுப்பிழைகள். மறுப்பு மட்டும் பிழையின்றி இருந்தது. அன்று மாலை கோதண்டபாணியிடம், “துண்டு இல்லாமல் இனி ஒன்றும் செய்வதற்கில்லை,” என்று சொன்னவன் நானே. அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு நான் வீட்டுக்குள் வந்து விட்டேன். அச்சொல் ஒருவனை எங்கே கொண்டு செல்லும் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

வைகாசிக் கருட சேவையன்று ஊர் முழுவதும் பெருமாளின் பின்னே சென்றிருந்தது. சங்கம் பூட்டிக் கிடந்தது. காவல்காரரும் சேவைக்குப் போயிருந்தார். காலை பத்து மணியளவில் கோதண்டபாணி பின்கட்டுச் சுவரைத் தாண்டி, இரும்பறுக்கும் வாள் அலகு கொண்டு தொட்டியிலிருந்து ஒரு துண்டை அறுத்தார். கூழ்ச் சட்டியோடு பெரியநாயகி சுவருக்கு வெளியே நின்றாள். துண்டு சட்டிக்குள் இறங்கிற்று, அவள் நடந்துவிட்டாள். அவரும் அப்போதே தாண்டி வந்திருக்கலாம். வரவில்லை. அறுத்த விளிம்பு கத்திபோல் நின்றதாம். சங்கத்தார் பிள்ளைகள் அம்மரத்தடியில் விளையாடுவார்கள். காலைக் கிழிக்கும் என்று அரத்தால் அவ்விளிம்பைத் தேய்த்து மழுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கத் திரும்பிய காவல்காரர் அரச் சத்தம் கேட்டுப் பிடித்துக்கொண்டார்.

காவல் நிலையத்தில் இரண்டு நாள் வைத்திருந்தனர். மற்ற தகடு எங்கே என்று கேட்டனர். இல்லாத தகட்டுக்கு அவர் என்ன விடை சொல்வார்? மூன்றாம் நாள் வெளியே வந்தபோது வலக்கையின் நடுவிரலும் மோதிர விரலும் நீலமாக வீங்கியிருந்தன. புத்தூர்க் கட்டுப் போட்டும் அவை மடங்கவில்லை, இன்றுவரை மடங்கவில்லை. கேஸ் குழலைப் பிடிக்கவும் அதன் திருகை நெருடித் திருப்பவும் வேண்டிய விரல்கள்.

பெரியநாயகி கொண்டுவந்த துண்டு என் வழியாகச் சென்னைக்குப் போயிருந்தது; ஸௌந்தரராஜன் தம் அறிக்கையோடு ஆனி மாதத்தில் என் வீட்டுக்கு வந்தார். கோதண்டபாணியும் பெரியநாயகியும் கீழே அமர்ந்திருந்தனர். நாற்காலியில் உட்காரச் சொன்னேன்; உட்காரவில்லை. எனவே ஸௌந்தரராஜனும் கீழே அமர்ந்து, அந்தத் துண்டைத் தரையில் வைத்துக் கொண்டார்.

“தகடு அசல், பதினெட்டுக்கு எட்டும்பாளே, அந்த உசந்த ரகம். நீங்க மாத்தலே. எவர்சில்வர் துருப்பிடிக்காம இருக்கறதுக்குக் காரணம் அதுல இருக்கற குரோமியம். கேஸ் நெருப்பு நிதானமாச் சுடும், பக்கத்தையெல்லாம் சேத்துச் சுடும், நிதானமா ஆறும். அப்படி ஆறச்சே தகட்டுல கலந்திருக்கற கரி, கார்பன்கிறாளே, அது குரோமியத்தைப் பிடிச்சுண்டுடறது. ஒட்டுக்குப் பக்கத்துல ரெண்டு கோடு குரோமியம் இல்லாம வெறும் இரும்பு மாதிரி ஆயிடறது. அமிலம் நேரா அங்கேதான் தின்னும்.”

“மூணு தரம் காட்டினேனே,” என்றார் கோதண்டபாணி.

“அதான். ஒரு தரத்துக்கு மூணு தரம். கேஸ்ல ஒட்டினதால எப்படியும் ஒரு நாள் அரிச்சிருக்கும். ஆனா இவ்வளவு சீக்கிரமா, இவ்வளவு ஆழமா அரிச்சிருக்காது. கரண்டுல ஒட்டினா சூடு சட்டுனு வந்து சட்டுனு போயிடும். ஆர்கான் வாயுவை மேலே மூடிண்டு ஒட்டினா இன்னும் சுத்தம். ஒட்டின அப்புறம் அந்த நீலத்தை இரும்பு பிரஷ்ஷால தேய்க்கப்படாது, அமிலத்துல கழுவணும். இரும்பால தேய்ச்சா இரும்புத் தூள் அதுலயே பதிஞ்சுடும்.”

“காந்தம்?”

“சுத்தியால அடிச்சா அசல் எவர்சில்வரும் அடிபட்ட இடத்துல காந்தத்தை இழுக்கும். உங்க வீட்டுக் குடத்தோட கழுத்து மடிப்புல வெச்சுப் பாருங்கோ.”

கோதண்டபாணி துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பின்னர், “நீலம் பூக்கும்போதே எனக்கு மனசுல பட்டுச்சுங்க. சொன்னேன். அழுத்திச் சொல்லல,” என்றார்.

பெரியநாயகி அறிக்கையைத் தொட்டுப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள். “இதுல திருடலன்னு எழுதியிருக்குதாங்க?”

“தகடு சரியான தகடுன்னு எழுதியிருக்கேம்மா.”

“திருடலன்னு எழுதல.”

“அதை நான் எழுத முடியாது. அதைச் சங்கம்தான் எழுதணும்.”

அறிக்கையை நானே நமச்சிவாயத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்; மூன்றாம் பக்கத்தை மட்டும் மூன்றாம் முறையும் படித்தார்.

“திருடின துண்டுல வந்த சான்று சான்றாவுமா வாத்தியாரே?”

“கேட்டபோது கொடுத்திருந்தால் எவரும் எடுத்திருக்க மாட்டார்.”

“அது வேற.” எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “உங்ககிட்ட ஒளிக்கிறது இன்னாத்துக்கு? தீர்மானத்த அடிச்சா, மூணு தரம் காட்டச் சொன்னவன் எவன்டான்னு கேப்பாங்க. கெட்டுப் போன நூலு அத்தனையும் எந்தலையில வந்து வுழும். நான் கெட்ட எண்ணத்துல சொல்லல. கோர்வன்னா எனக்குக் கண்ணு அப்டியே பழகிப் போச்சு.”

“அப்படியானால் அதனையே குறிப்பேட்டில் எழுதுங்கள்.”

“எழுதிட்டு நான் எந்த மூஞ்ச வெச்சுக்கினு இந்தத் தெருவுல நடக்கிறது?”

“அவன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நடக்கிறான்?” என்றேன்.

செப்டம்பரில் சங்கத்தின் விளம்பரப் பலகையில் புதுத் தொட்டிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதில் இவ்வாறு இருந்தது: “தொட்டியைக் கேஸ் முறையில் ஒட்டலாகாது. ஆர்கான் வாயுப் பாதுகாப்பில் ஒட்டுதல் வேண்டும். ஒட்டிய இடத்தை மீண்டும் சூடுபடுத்தலாகாது; சுத்தியலால் தட்டலாகாது. ஒட்டிய பின் அமிலத்தால் கழுவித் தருதல் வேண்டும்.” இவை ஸௌந்தரராஜனின் அறிக்கையில் மூன்றாம் பக்கத்து வரிகள். ஒரு சொல்லும் மாறவில்லை. சான்றாகாத தாள் தொட்டி செய்வதற்கு மட்டும் சான்றாயிற்று.

புதுத் தொட்டி சென்னையிலிருந்து வந்து இப்போது பட்டறையில் இருக்கிறது. மாம்பழ மஞ்சள் பழுதின்றி வருகிறது. ஒட்டு மட்டும் வெளிப்படையாகத் தெரிகிறது.

கோதண்டபாணி இன்று பாலாற்றில் மணல் அள்ளுகிறார். மார்கழிப் பனியில் மடங்காத விரல்கள் விறைத்துக்கொள்ள, கூடையை உள்ளங்கையால் அணைத்துத் தூக்குகிறார். துண்டை அறுத்த வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது. வண்டிக்காரர்கள் அவரை ‘எவர்சில்வரு’ என்று அழைக்கிறார்கள். சென்ற வாரம் ஆற்றங்கரையில் நின்று அவரைக் கேட்டேன்: “சங்கத்தாரிடம் உனக்கு என்ன கேட்கட்டும்?”

கூடையை இறக்கி வைத்தார். “வேல வேணாங்க. இந்தக் கையி இனி நெருப்பு பிடிக்காது. அந்த ஏழாவதுல எம் பேரு இருக்குது பாருங்க, அத அடிச்சாப் போதும். அவளுக்கு யாராவது நூலு குடுப்பாங்க.” பிறகு, “ரெண்டு கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்க. ஒரு கோடுன்னா படிக்கலாம்,” என்றார்.

சங்கத்தின் பொதுக்குழு 1975 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் கூடுகிறது. ஏழாம் தீர்மானத்தை நீக்கக் கோரும் என் கடிதம், ‘இதர பொருள்கள்’ என்னும் தலைப்பின்கீழ்க் கடைசியில் வைக்கப்பட்டுள்ளது. அதற்குள் பலர் எழுந்து சென்றுவிடுவர் என்பது அவர்கள் கணக்கு. உறுப்பினர் நூற்று நாற்பத்து மூவர்; எழுபத்திருவர் கை வேண்டும். இதனைப் படிக்கும் நீர் அந்நூற்று நாற்பத்து மூவருள் ஒருவராயின், மதியச் சோறு ஆறிப்போனாலும் எழாமல் இரும். கடைசிப் பொருள் வரும்வரை இரும். வந்ததும் கையைத் தூக்கும். உறுப்பினர் அல்லராயின், உமக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இந்நகரில் இல்லாமற் போகார். இன்றே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, தூக்குவாயா மாட்டாயா என்று கேளும். விடை வாங்காமல் திரும்பாதீர்.